குடிநீர் என்று எழுதிய லாரி

கோயம்புத்தூர்
12.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார். நாம் இருவரும் "சாப்பிட்டியா, சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டுவதே இல்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் நீங்கள். உங்களிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதனால் நீங்கள் வேலை செய்யும் அங்கன்வாடி முகவரிக்கே எழுதுகிறேன்.

முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. சுற்றுச்சூழல் மாசு அறிவியலும் கண்காணிப்பும் என்றால் ஊரில் யாருக்கும் புரியவில்லை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகும் இடத்தில் இறங்கி நின்று பாட்டிலில் பிடிப்பதுதான் எங்கள் படிப்பு. போன வாரம் ஒரு கழிவு வாய்க்காலில் இறக்கிவிட்டார்கள். முழங்கால் வரை கறுப்புச் சேறு. காலை எடுக்கும்போதெல்லாம் குமிழி கிளம்பி வெடித்தது. அன்று விடுதியில் கேழ்வரகுக் களி. தட்டைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிட்டேன்.

ஆய்வுக்கு நம் ஓடைக்காட்டுப் பழைய சுண்ணாம்புக்கல் குழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கல் தீர்ந்ததும் கம்பெனிக்காரர்கள் விட்டுவிட்டுப் போன குழி. அதன் தண்ணீர் நிறம் மாறிவிட்டது என்று ஆடு மேய்ப்பவர்கள் பேசிக்கொண்டதைச் சித்திரையில் கேட்டேன். அண்ணனிடம் சொன்னால், அங்கே பாம்பு அதிகம், வேறு இடம் பார் என்கிறார். பஸ் பார்சலில் பாட்டில் அனுப்புகிறேன். யாரையாவது விட்டுத் தண்ணீர் பிடித்து அனுப்புங்கள்.

உங்கள்
முத்தமிழ்


ஓடைக்காடு, செந்துறை வட்டம்
2.8.2024

அன்பு முத்தமிழுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் அங்கன்வாடி வாசலில் நின்று "டீச்சருக்கு லெட்டரு" என்று சத்தம் போட்டதில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ களியை விட்டு ஓடினாய் என்று படித்துச் சிரித்தேன். ஆனாலும் பட்டினி கிடக்காதே.

பாட்டில்கள் வந்தன. உன் அண்ணன் தானே பிடித்து வருகிறேன் என்று வாங்கிக்கொண்டார். சாயந்திரமே ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். வந்து சேர்ந்திருக்கும்.

நம் தண்ணீர் லாரி நன்றாக ஓடுகிறது. ஆடி மாதம், கல்யாணம் இல்லை, கட்டட வேலையும் குறைவு. ஆனாலும் ஓட்டம் இருக்கிறது என்கிறார். உன் கல்லூரிக்குக் கட்டிவிட்டு எனக்கும் ஒரு கிரைண்டர் வாங்கிக் கொடுத்தார். அவர் சட்டைகளை மட்டும் தனியாக ஊறவைக்கிறேன். எத்தனை அலசினாலும் ஒரு வாடை போகமாட்டேன் என்கிறது. டீசல் என்கிறார். டீசல் வாடை எனக்குத் தெரியாததா. சரி, அதை விடு.

உடம்பைப் பார்த்துக்கொள். சேற்றில் இறங்கினால் வந்ததும் வெந்நீரில் குளி.

அன்புடன்
அண்ணி ஜெயசித்ரா


கோயம்புத்தூர்
20.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலமே. எனக்கு மூன்று நாளாய்ச் சளி. மற்றபடி குறையில்லை. புது கிரைண்டரில் அரைத்த மாவில் முதல் தோசை எனக்குத்தான், சொல்லிவிட்டேன்.

அண்ணன் அனுப்பிய தண்ணீரைப் பரிசோதித்தேன். கழிவு என்று எதுவுமே இல்லை. சுண்ணாம்பு மட்டும் கூடுதல். எங்கேயோ பார்த்த கணக்காக இருக்கிறதே என்று போன வருடம் நம் வீட்டுப் போர் தண்ணீரைப் பரிசோதித்த தாளை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றேதான். அண்ணன் குழி வரை போகச் சோம்பல்பட்டு வீட்டுக் குழாயில் பிடித்து அனுப்பிவிட்டார். பேராசிரியர் முன்னால் என் மானம் போனது. "உங்க ஊர் குழித் தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கேம்மா, பாட்டில்ல அடைச்சு விக்கலாம்" என்றார்.

அண்ணனைத் திட்ட வேண்டாம். நீங்களே ஒரு நடை போய்ப் பிடித்து அனுப்பிவிடுங்கள். அங்கன்வாடியில் சமைக்கும் பூங்காவனம் அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிலை எதிர்பார்த்து
முத்தமிழ்


ஓடைக்காடு
29.9.2024

அன்பு முத்தமிழுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. சளி விட்டதா?

குழிக்கு என்னால் போக முடியவில்லை. இங்கே ஒரு சங்கடம். அங்கன்வாடியில் மோட்டார் பழுதாகிவிட்டது. உன் அண்ணன்தான் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். அன்று மதியம் சாம்பாரில் ஒரு மாதிரி வாடை. பருப்பு பழசோ என்று நினைத்தேன். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாந்தி எடுத்தார்கள். மஞ்சளாக, நுரை நுரையாக. என் புடவை, பாய், சுவர் எல்லாம் வாந்தி. ஆம்புலன்ஸ் வைத்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கடவுள் புண்ணியம், எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். கண்ணையன் பேத்தி மட்டும் இன்னும் சோறு பார்த்தால் அழுகிறாள்.

மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அம்மா, பல்லி விழுந்திருக்கும், மூடி வைக்கவில்லை என்று எழுதிவிட்டார். சமைத்த பூங்காவனத்தை வேலையை விட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள். தெருவில் அவளோடு யாரும் பேசுவதில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு தொட்டியில் கெட்ட தண்ணீர், அதாவது தொழிற்சாலைக் கழிவு மாதிரி ஏதாவது ஏற்றிவிட்டு, பிறகு கழுவி நல்ல தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகாதுதானே? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வீட்டு முகவரிக்கு எழுதாதே. இங்கேயே எழுது.

அன்புடன்
அண்ணி


கோயம்புத்தூர்
7.10.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் படித்துப் பதறிவிட்டேன். நீங்கள் அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டீர்களா? உங்களுக்கு ஒன்றும் இல்லையே? பூங்காவனம் அக்காவை நினைத்தால் வயிறு எரிகிறது. என் கையைப் பிடித்து அரிசியில் அ எழுதவைத்தவர். அவர் பாத்திரத்தை மூடாமல் வைப்பாரா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆகும். சாயக் கழிவோ தோல் கழிவோ ஏற்றிய தொட்டியை எத்தனை முறை கழுவினாலும் போகாது. வெல்டிங் வைத்த இடுக்கிலும் ரப்பர் குழாயின் உள்பக்கமும் படிந்து கிடக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் மெல்லக் கரைந்து இறங்கும். கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட தொட்டியில் குடிதண்ணீர் ஊற்றி ஊருக்குக் கொடுக்கிறவனை நான் மனிதன் என்றே சொல்ல மாட்டேன். வாந்தி எடுத்ததை வழித்து இன்னொருவர் தட்டில் வைப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

யாராவது அப்படிச் செய்கிறார்களா? ஆள் தெரிந்தால் அண்ணனிடம் சொல்லுங்கள். லாரிக்காரர்களுக்குள் பேசிச் சரிசெய்வார்.

தீபாவளிக்கு வருகிறேன். குழித் தண்ணீரை நானே பிடித்துக்கொள்கிறேன்.

முத்தமிழ்


கோயம்புத்தூர்
12.11.2024

அண்ணிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் நீங்கள் கண்ணையன் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போனபோது நான் குழிக்குப் போனேன். போய் வந்தபின் தலைவலி என்று படுத்துக்கொண்டேன் அல்லவா. தலைவலி இல்லை.

கருவைக்காட்டைத் தாண்டும்போதே வாடை முகத்தில் அடித்தது. அழுகிய முட்டையும் எரிந்த தோலும் கலந்த வாடை. தண்ணீர் தண்ணீராக இல்லை. மேலே பழுப்பு ஏடு, அதன்மேல் நுரை. கரையில் செத்த கொக்கு ஒன்று, அதன் கண்ணில் ஈ. வாய் திறந்தால் நாக்கில் ருசி தெரிந்தது. துப்பித் துப்பித்தான் நடந்தேன்.

நம் லாரி நின்றிருந்தது. நீல எழுத்தில் குடிநீர் என்று அப்பா காலத்தில் எழுதியதை அண்ணன் புதுப்பித்திருந்தார் அல்லவா, அது வெயிலில் பளபளவென்று இருந்தது. பின்னாலிருந்து குழாய் குழிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் டயர் நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த வாடையில். ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டு.

என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. "வூட்டுக்குப் போ முத்து. கால்ல பட்டா அரிக்கும்" என்றார்.

இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். வெளியூர் ஃபேக்டரி, பேர் தெரியாது, ரோட்டோரம் வந்து நம் லாரிக்கு மாற்றிவிட்டுப் போவார்கள் என்றார். "குழி சும்மாதான கெடக்கு. நான் ஊத்தலன்னா இன்னொருத்தன் ஊத்துவான்."

இதே லாரியில்தானே அங்கன்வாடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்றேன். கை நின்றது. கழுவிட்டுத்தான் ஊத்தினேன் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உன் படிப்பு எதுல நடக்குதுன்னு நெனச்ச? தண்ணி வித்தா?"

அவர் எதிரிலேயே பாட்டிலில் பிடித்தேன். தடுக்கவில்லை. மிச்சச் சோற்றைக் குழியில் வீசிவிட்டுக் கை கழுவினார்.

அண்ணி, நீங்கள் செப்டம்பரில் என்னிடம் கேட்டது இதைத்தானே? உங்களுக்குத் தெரியுமா?

முத்தமிழ்


ரஞ்சன்குடி
20.12.2024

அன்பு முத்தமிழுக்கு,

முகவரியைப் பார்த்தாலே புரிந்திருக்கும். கார்த்திகை முடிந்ததும் அங்கன்வாடிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்குகிறது. அதுவே பெரிய விஷயம்.

தெரியும். ஆடியிலேயே தெரியும். சட்டை வாடையைப் பற்றி உனக்கு எழுதினேனே, அன்றே சட்டைப்பையில் மஞ்சள் கறை பார்த்தேன். கேட்டதற்கு, முத்து படிப்பு முடியும்வரைதான், அப்புறம் விட்டுவிடுவேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். உன் பேரைச் சொன்னதும் என் வாய் அடைத்துப்போனது. அந்தப் பணத்தில் வாங்கிய கிரைண்டரில் மாவும் அரைத்தேன். ஆனால் அதே தொட்டியில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுவருவார் என்று நான் நினைக்கவில்லை. மோட்டார் பழுது என்று அவரிடம் சொன்னதே நான்தான்.

பிள்ளைகள் வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே அந்த வாடையை அடையாளம் கண்டுகொண்டேன். பல்லி என்று அந்த அதிகாரி அம்மா எழுதியபோது பூங்காவனம் என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் பக்கத்தில் படுக்க முடியவில்லை. அவர் பிசைந்த சோற்றைப் பார்க்க முடியவில்லை. அவர் என்னை அடித்ததில்லை, குடித்ததில்லை. ஊரில் கேட்டால் நல்ல மனுஷன் என்பார்கள். அதுதான் இன்னும் குமட்டுகிறது.

எல்லாம் எழுதினாய். பாட்டிலில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதவில்லையே. ஏன்?

அண்ணி


கோயம்புத்தூர்
6.1.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? அங்கே பனி அதிகமாக இருக்கும், காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் தோல் பதனிடும் குரோமியம் இருந்தது. எங்கள் கருவியின் அளவையே தாண்டியதால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குறைத்துத்தான் அளக்க முடிந்தது. பரிசோதித்த நாளிலிருந்து எனக்கு எதைத் தொட்டாலும் கை கழுவத் தோன்றுகிறது.

பேராசிரியரிடம் காட்டினேன். நல்ல ஆய்வு என்று சந்தோஷப்பட்டார். யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார், சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, "சொந்த வூட்டு வெவகாரத்தை ஆய்வுல கொண்டு வராதம்மா" என்றார். பட்டம் வாங்கும் நேரத்தில் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டாம் என்றார்.

அதனால் இடத்தை மாற்றிக்கொண்டேன். இங்கேயே ஒரு ஏரி. மாணவர்கள் வருடாவருடம் செய்வதுதான், சுலபம். ஏப்ரலில் முடிந்துவிடும். முடிந்ததும் வேலை கிடைக்கும். அதன் பிறகு அண்ணன் பணம் எனக்கு வேண்டியதில்லை. அப்போது நிதானமாக யோசித்து ஏதாவது செய்யலாம் அண்ணி. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம். எப்படியிருந்தாலும் நம் அண்ணன்.

பொங்கலுக்கு நான் வரவில்லை.

முத்தமிழ்


ரஞ்சன்குடி
2.2.2025

முத்தமிழுக்கு,

உன் கடிதத்தை அம்மா கையிலிருந்து வாங்கிப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அன்று சாப்பிடவில்லை. நீ எழுதியதெல்லாம் நான் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். படிப்பு முடியட்டும், நம் வீட்டு ஆள், யாரிடமும் சொல்ல வேண்டாம். உன் கையெழுத்தில் அதைப் பார்த்தபோதுதான் எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. நான் பன்னிரண்டாவது படித்தவள், பயந்தவள், என்னை விடு. அளந்து பார்த்துவிட்டு நீயும் மூடி வைக்கிறாய்.

திங்கட்கிழமை அரியலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். பூங்காவனத்தையும் வரச்சொல்லி, செந்துறைக்குப் போய் அவளோடு சேர்ந்துகொண்டேன். அங்கே பஸ் ஏறியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். அரியலூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கிய பிறகுதான் பேசினாள்: "மனுவுல எம் பேரையும் எழுதுங்க டீச்சர். சமைச்சவ பேரு எழுதுன எடத்துலயே ஊத்துனவரு பேரையும் எழுதுங்க."

எழுதினேன். கணவர் பெயர் என்ற இடத்தில் எழுதிய அறிவரசன் என்ற பெயரையே குற்றம் செய்தவர் என்றும் எழுதினேன். வாங்கிய அலுவலர் இரண்டு தடவை படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். குடும்பச் சண்டையா என்று கேட்டார். இல்லை என்றேன். "டெஸ்ட் பண்ண பேப்பர் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஆள் அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்.

ஆள் வந்தாராம். மழைத்தண்ணீர் தேங்கும் வடக்கு மூலையில் மொண்டுகொண்டு போனார் என்று கண்ணையன் போனில் சொன்னார்.

அந்தக் காகிதம் உன்னிடம் இருக்கிறது. இதற்குமேல் நான் கேட்க மாட்டேன்.

ஜெயசித்ரா


கோயம்புத்தூர்
18.2.2025

அன்புள்ள அண்ணிக்கு,

கீழே அண்ணி என்று போடாமல் பெயர் போட்டிருந்தீர்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியரிடம் ஏரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி உன் பொறுப்பு என்றார். ஆனால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லவில்லை, அது போதும். அண்ணனுக்கும் போன் செய்தேன். நீங்கள் இனிப் பணம் அனுப்ப வேண்டாம், நான் அறிக்கை கொடுக்கப் போகிறேன் என்றேன். "உன்னைப் படிக்க வச்சதுக்கு இதான் கூலியா" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டேன். இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் சாயந்திர வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். விடுதிக்குக் கொஞ்சம் பாக்கி விழும், சமாளிப்பேன்.

வரும் திங்கட்கிழமை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். அறிக்கையோடு வருகிறேன். எங்கே மொள்ள வேண்டும் என்று நானே கூட இருந்து காட்டுகிறேன். பூங்காவனம் அக்காவிடம் நான் என்ன பேசுவது? நீங்கள் பக்கத்திலேயே இருங்கள்.

முத்தமிழ்


ரஞ்சன்குடி
6.4.2025

அன்பு முத்துவுக்கு,

நலம். உன் ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுத்துவிட்டாய் என்று போனில் சொன்னாயே, அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சாமி விளக்கை ஏற்றினாள். சாயந்திர வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ வந்து போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். போலீஸ்காரர்கள் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அண்ணன் உள்ளே இருந்து ஜாமீனில் வந்துவிட்டார். ஊற்றச் சொன்ன ஃபேக்டரி எது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிப்பார்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. குழியைச் சுற்றிக் கம்பி கட்டி அபாயம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கிறது. வெயிலுக்கு வாடை தெரு வரை வருகிறதாம். பூங்காவனத்துக்கு மறுபடி வேலை கொடுத்துவிட்டார்கள். என்னைத்தான் இப்போது விசாரிக்கிறார்கள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று. சரியான கேள்விதான். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.

நேற்று மத்தியானம் உன் அண்ணன் இங்கே வந்தார். இளைத்துவிட்டார். அம்மா நாற்காலி போட்டாள். ஊரில் யாரும் பேசுவதில்லை, டீக்கடையில் கிளாஸைத் தனியாக வைக்கிறார்கள் என்று சொன்னார். "நடந்தது நடந்துபோச்சு. வா, போவலாம். வேற தொழில் பாத்துக்கறேன்" என்றார். அழுதார். என் மனசு இளகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். துணியை எடுத்து வைக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். உள்ளே போய்க் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தேன். வாங்கியவர் உடனே குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "இது எங்க புடிச்ச தண்ணி?" என்று கேட்டார்.

கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். அம்மா பின்னாலேயே வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, நீங்கள் கிளம்புங்கள் என்று சொன்னேன்.

பஸ் வரும்வரை ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

பட்டமளிப்பு எப்போது என்று எழுது. நானும் பூங்காவனமும் வருகிறோம்.

உன்
அண்ணி